தலை நிற்கும் வரை

மூன்று வாரக் குழந்தை ஒன்று பாயில் குப்புறக் கிடக்கிறது. வலது கன்னம் துணியில் அழுந்தியிருக்கிறது. முழங்கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருப்பதால் பின்பக்கம் தூக்கி நிற்கிறது. இரண்டு கைகளும் மூடிய முஷ்டிகளாக மார்புக்குப் பக்கத்தில் ஒடுங்கியிருக்கின்றன. ஒரு முனகல். நெற்றி சுருங்குகிறது, காது மடல் சிவக்கிறது. தலை துணியை விட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. ஆனாலும் மூக்கு துணியை உரசிக்கொண்டே மெல்ல நகர்ந்து அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது இடது கன்னம் கீழே. குழந்தை ஒரு பெருமூச்சு விட்டு ஓய்கிறது. எல்லாம் ஐந்தாறு விநாடிதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா, பிள்ளை மூச்சுத் திணறுகிறதோ என்று பதறி அள்ளி எடுத்துவிடுகிறார். பதறுவது தாய்க்கு இயல்பு. ஆனால் அந்த ஐந்தாறு விநாடியில் அந்தப் பிள்ளை, தன் உடம்பிலேயே பெரிய சுமையைத் தானாக இடம் மாற்றியிருக்கிறது. வளர்ந்த மனிதருக்குத் தலை என்பது உயரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ நான்கில் ஒரு பங்கு. அதைத் தாங்க வேண்டிய கழுத்தோ கருவறை நீரில் மிதந்தே பழகியது. புவியீர்ப்பு என்ற ஒன்றைச் சந்தித்து அதற்கு மூன்று வாரம்தான் ஆகிறது.

“தலை நின்னுடுச்சா?” என்று நம் வீடுகளில் கேட்பார்கள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைக்கலாமா, பிடரியில் கை கொடுக்க வேண்டுமா என்பதற்கெல்லாம் அந்த ஒரு கேள்விதான் அளவுகோல். தலை நிற்பது தானாக வந்துவிடுகிற காரியம்போலத் தெரியும். உண்மையில் அது நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்க்கப்படும் பலம். சேர்க்கும் இடம் தரை. சேர்க்கும் நிலை குப்புறக் கிடப்பது. இன்று குழந்தை மருத்துவர்கள் ‘டம்மி டைம்’ என்று சொல்வது இதைத்தான்: குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, சிறிது நேரம் குப்புறப் போட்டு வைப்பது.

இவ்வளவு எளிய காரியத்துக்குத் தனியாக ஒரு பெயர் எதற்கு? அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தொட்டில்கள் காலியான கதை ஒன்று இருக்கிறது.

*

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946-ல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்புகளில் ஓர் ஆலோசனை இருந்தது: குழந்தையைத் தூங்க வைக்கும்போது குப்புறப் போடுவதே நல்லது. அதற்கு அவர் இரண்டு காரணம் சொன்னார். மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தி எடுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளலாம். எப்போதும் ஒரே பக்கம் முகம் திருப்பிக் கிடந்தால் தலை தட்டையாகலாம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மருத்துவமனைகளிலிருந்தும் இதே திசையில் ஒரு காற்று வீசியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குறைமாதக் குழந்தைகள் குப்புறக் கிடக்கும்போது அவர்களின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மேம்படுவதை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அங்கே இதயத் துடிப்பையும் மூச்சையும் நொடிக்கு நொடி பார்த்துச் சொல்லக் கருவி இருந்தது, செவிலியர் இருந்தார். வீட்டுத் தொட்டிலுக்கு அந்தக் காவல் கிடையாது. ஆனாலும் பழக்கம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நெதர்லாந்து என்று பல நாடுகளில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் குப்புறத் தூங்கின.

இரவு நல்லபடியாகத் தூங்கப் போன குழந்தை காலையில் எழவில்லை. நோய் இல்லை, காயம் இல்லை, பிரேதப் பரிசோதனையிலும் காரணம் கிடைக்கவில்லை. ‘தொட்டில் மரணம்’ என்று பெயர் வைத்தார்கள். நியூசிலாந்தில் 1980களில் பிறந்த ஒவ்வொரு ஆயிரம் குழந்தைகளிலும் ஏறத்தாழ 4 பேர் இப்படி இறந்தார்கள். ஹாங்காங்கிலோ இது அரிதாக இருந்தது. அங்கே பணியாற்றிய டேவிட் டேவிஸ் என்ற மருத்துவர் 1985-ல் ‘லான்செட்’ இதழில் இதைச் சுட்டிக்காட்டினார். சீனக் குடும்பங்கள் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் வழக்கம் என்பதையும் அவர் கவனித்திருந்தார்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பீட்டர் ஃபிளெமிங்கும் அவருடைய குழுவினரும் இறந்த குழந்தைகளின் வீடுகளையும், அதே வட்டாரத்தில் நலமாக இருந்த குழந்தைகளின் வீடுகளையும் ஒப்பிட்டார்கள். 1990-ல் வெளியான அந்த ஆய்வின்படி, குப்புறத் தூங்க வைக்கப்பட்ட குழந்தைக்கு ஆபத்து 8 மடங்குக்கும் அதிகம். நியூசிலாந்தில் எட் மிட்செல் தலைமையில் நடந்த ஆய்வும் அதே விரலைத்தான் நீட்டியது.

1991 ஜூலையில் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்டின் மகன் செபாஸ்டியன், நான்கு மாதக் கைக்குழந்தை, தூக்கத்தில் இறந்தான். நியூசிலாந்தில் பெற்றோருக்குச் சொல்லப்படும் செய்தி தன் நாட்டில் ஏன் சொல்லப்படவில்லை என்று அந்தத் தாய் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் நியூசிலாந்து சென்று பார்த்தார், அரசை நெருக்கினார். அந்த ஆண்டின் இறுதியிலேயே தொலைக்காட்சியில் அவரே தோன்றி, குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று நாட்டுக்குச் சொன்னார். அமெரிக்கா 1994-ல் பின்தொடர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் தொட்டில் மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. புது மருந்து எதுவும் வரவில்லை, ஊசி வரவில்லை. படுக்கும் திசை மட்டும் மாறியது.

மனத்தை அறுக்கும் செய்தி பின்னால் வந்தது. லண்டனில் ரூத் கில்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டி 2005-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். குப்புறத் தூங்குவது ஆபத்து என்பதற்கான சான்று 1970-லேயே கிடைத்திருக்கிறது. அப்போதே யாராவது அதைத் தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருப்பார்கள். பிரிட்டிஷ் மருத்துவர் இயன் சால்மர்ஸ், 1960களில் இளம் மருத்துவராக இருந்தபோது ஸ்பாக்கின் நூலைப் படித்துத் தானும் அதே ஆலோசனையைப் பெற்றோருக்குச் சொன்னதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். மருத்துவச் சான்றுகளைச் சலித்தெடுத்துத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு உருவாக முன்நின்றவர் அவர்.

ஸ்பாக் பயந்த வாந்தி விஷயம் என்ன ஆயிற்று? உடற்கூறு அதற்கு நேரெதிராகப் பேசுகிறது. குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறக் கிடந்தால் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது. பாலுக்கு அது இறக்கம். குப்புறத் தூங்கும் குழந்தை இன்னொரு விதத்திலும் மாட்டிக்கொள்கிறது. மெத்தையில் புதைந்த மூக்கு, தான் விட்ட காற்றையே திரும்ப இழுக்கிறது. பெரியவர்கள் என்றால் மூளை உடனே உசுப்பும், தலை திரும்பும். சில குழந்தைகளிடம் அந்த உசுப்பல் பலவீனமாக இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அது வருவதே இல்லை.

தூக்கம் என்றால் மல்லாந்துதான். பகல் தூக்கமோ இரவுத் தூக்கமோ, ஐந்து நிமிடமோ ஐந்து மணி நேரமோ, இதில் விலக்கு கிடையாது. டம்மி டைம் பற்றிய எந்தப் பேச்சும் இந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

*

ஸ்பாக்கின் இரண்டாவது கவலை பொய்யாகவில்லை. குழந்தைகள் மல்லாக்கப் படுக்கத் தொடங்கிய 1990களில், பின்மண்டை தட்டையான குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு அதிகமாக வந்தார்கள்.

பிறந்த குழந்தையின் மண்டையோடு பல தகடுகளாகப் பிரிந்திருக்கும். இடையே மெல்லிய இணைப்புகள், உச்சியில் துடிக்கும் உச்சிக்குழி. பிறப்புப் பாதை வழியே வர இந்த நெகிழ்வு வேண்டும். பிறந்த பிறகு மூளை வளரவும் வேண்டும். பிறக்கும்போது ஏறத்தாழ 35 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு ஒரு வயதில் 46 செ.மீ. அளவுக்கு வந்துவிடுகிறது. இத்தனை வேகமாக வளரும் மென்மையான ஒன்றை ஒரே பக்கமாகத் தரையில் அழுத்தி வைத்தால், அழுந்தாத பக்கம்தான் வளரும். பச்சை மண்பானையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால் வயிறு சப்பிப்போவது போல.

கனடாவின் கால்கரி நகரில் 7 முதல் 12 வாரம் வரையிலான 440 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். 2013-ல் வெளியான முடிவு: 46.6 சதவீதம் பேருக்குத் தலையில் தட்டை இருந்தது. பயப்பட வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவை லேசானவை. மூளையின் வளர்ச்சியை அவை நசுக்குவதும் இல்லை. தலையைச் சரிசெய்ய ஹெல்மெட் மாட்டும் சிகிச்சையும் வந்தது. நெதர்லாந்தில் 84 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஹெல்மெட் மாட்டிப் பார்த்தார்கள். இரண்டு வயதில் அளந்தபோது இரு பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்று 2014-ல் தெரிந்தது. வரும் முன் காப்பதுதான் மலிவு. குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பின்மண்டைக்கு ஓய்வு கொடுத்தால் போதும். நம் ஊரில் தலையை உருண்டையாக்குகிறேன் என்று குளிப்பாட்டும்போது மண்டையை அழுத்தி உருட்டுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம்.

தலை வடிவத்தை விடவும் பெரிய விஷயம் தசை. அமெரிக்காவில் 351 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1998-ல் வெளியிட்ட ஆய்வில், மல்லாந்து தூங்கும் குழந்தைகள் புரள்வதிலும் தவழ்வதிலும் பிடித்து எழுவதிலும் குப்புறத் தூங்கியவர்களைவிடச் சற்றுப் பின்தங்கின. நடக்கத் தொடங்கியது மட்டும் இரு தரப்பும் ஒரே வயதில்தான். பின்தங்கியவர்களும் இயல்பான வயது வரம்புக்குள்ளேயே இருந்தார்கள். ஆகவே ‘குப்புறப் போடாவிட்டால் பிள்ளை நடக்காது’ என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம். தவழாமலே நடந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் நடத்திய ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழவே இல்லை.

அப்படியானால் டம்மி டைம் எதைத் தருகிறது? 8 நாடுகளைச் சேர்ந்த 4,237 குழந்தைகள் பற்றிய 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளிவந்த ஆய்வுரை, உடல் இயக்க வளர்ச்சியோடும் தட்டைத் தலை குறைவதோடும் அதற்குத் தொடர்பு உண்டு என்கிறது. இந்த ஆய்வுகளில் பல, கவனித்துப் பதிவு செய்தவை மட்டுமே. சான்று இன்னும் வலுப்பட வேண்டும். ஆனால் தசை வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

*

மறுபடியும் அந்த மூன்று வாரக் குழந்தையிடம் போவோம். அதன் பின்பக்கம் ஏன் தூக்கி நின்றது? கருவறையில் சுருண்டு கிடந்த இடுப்பும் முழங்காலும் இன்னும் நிமிரவில்லை. இடுப்பு உயர்ந்திருப்பதால் உடம்பின் பாரமெல்லாம் முன்னால் சரிந்து கன்னத்தில் வந்து இறங்குகிறது. சரிவில் தலைகீழாகக் கிடந்தபடி தலையைத் தூக்குவதற்குச் சமம் அது. நாள் ஆக ஆக இடுப்பு நீண்டு தரையில் படிகிறது. பாரம் கன்னத்திலிருந்து மார்புக்கும், மார்பிலிருந்து வயிற்றுக்கும் பின்வாங்குகிறது. பின்வாங்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் தலை அத்தனை இலேசாகிறது.

இரண்டு மாத வாக்கில் தலை தரையிலிருந்து எழும்பிச் சில விநாடி ஆடி ஆடி நிற்கும், பிறகு ‘தொப்’பென்று விழும். நான்கு மாத வாக்கில் முழங்கைகளை ஊன்றி மார்பைத் தூக்கும். ஆறு மாத வாக்கில் கைகளை நேராக நீட்டி, உள்ளங்கையில் உடம்பை நிறுத்தும். அந்த உள்ளங்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிறந்தபோது எதைத் தொட்டாலும் மூடிக்கொண்ட முஷ்டி அது. தரையில் பாரம் தாங்கத் தாங்க விரல்கள் விரிகின்றன. எதிரே கிலுகிலுப்பை ஒன்று கிடந்தால் குழந்தை ஒரு கையைத் தூக்கப் பார்க்கும். அதற்கு முதலில் பாரத்தை இன்னொரு கைக்கு மாற்றியாக வேண்டும். முதல் தடவை கணக்குத் தப்பி ஒரு பக்கமாகக் கவிழும். நாளைக்குத் தவழப்போகிற கை அந்தக் கவிழ்தலில் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

ஆப்பிரிக்கக் குழந்தைகள் முன்கூட்டியே உட்காருகின்றன, நடக்கின்றன என்று ஒரு பேச்சு நெடுங்காலம் இருந்தது. கென்யாவில் கிப்சிகிஸ் மக்களிடையே வாழ்ந்து கவனித்த சார்ல்ஸ் சூப்பர் 1976-ல் அதன் காரணத்தை எழுதினார். அங்கே தாய்மார்கள் குழந்தைக்கு உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றே பழக்கம் கொடுக்கிறார்கள். அந்தத் திறன்கள் மட்டும் முந்தி வருகின்றன. பழக்காத திறன்கள் முந்தவில்லை. குழந்தையின் உடம்பு நாட்காட்டியைப் பார்த்து மட்டும் வளர்வதில்லை, கிடைத்த வாய்ப்பையும் பார்த்து வளர்கிறது.

*

எப்போது தொடங்குவது? நம் வீடுகளில் பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: “தானா குப்புற விழட்டும், அவசரம் என்ன?” நான்காம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ பிள்ளை தானாகக் குப்புறிக்கும், வீட்டில் பலகாரம் செய்வார்கள். அழகான வழக்கம். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததுமே தொடங்கலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். ஏழு வாரம் ஆகும்போது ஒரு நாளைக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வரை எட்டினால் நல்லது என்பது அதன் 2022 அறிவுரை. நகரத் தொடங்காத குழந்தைக்கு நாள் முழுவதும் பரவலாகக் குறைந்தது 30 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது.

முப்பது நிமிடம் என்றதும் மலைப்பாக இருக்கும். ஒரே மூச்சில் யாரும் கேட்கவில்லை. முதல் வாரங்களில் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். துணி மாற்றிய பிறகு ஒரு தடவை, குளித்துத் துடைத்த பிறகு ஒரு தடவை என்று நாளில் இரண்டு மூன்று முறை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், இதயத்திலோ மூச்சிலோ சிக்கல் உள்ள பிள்ளைக்கும் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

முதல் பாய், பெற்றவரின் நெஞ்சு. அம்மாவோ அப்பாவோ நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையைத் தன் மார்பின் மேல் குப்புறப் படுக்க வைத்துக்கொள்ளலாம். எவ்வளவுக்கு நிமிர்ந்து உட்காருகிறாரோ அவ்வளவுக்குக் குழந்தைக்குத் தலை தூக்குவது சுலபம். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு ஒட்டி வைத்தால் ஒரு கனம், கையை நீட்டிப் பிடித்தால் வேறு கனம் அல்லவா? அதே கணக்குதான். நிமிர்ந்த நிலையில் தலையின் பாரம் கழுத்துக்கு நேர் கீழே இறங்குகிறது. படுக்கை நிலையில் கழுத்து அதை நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிறந்த குழந்தைக்குக் கண் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. தூரம் வரைதான். நெஞ்சில் கிடக்கும் குழந்தைக்குப் பெற்றவரின் முகம் சரியாக அந்தத் தூரத்தில் இருக்கிறது. தலையைத் தூக்க இதைவிட நல்ல தூண்டில் உலகத்தில் எந்தப் பொம்மைக் கடையிலும் கிடைக்காது.

இதில் ஒரு கடுமையான எச்சரிக்கை உண்டு. பெற்றவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிற நேரத்தில் இதைச் செய்யவே கூடாது. குழந்தையை நெஞ்சில் போட்டபடி சோபாவில் தூங்கிப்போவது, தொட்டில் மரணத்துக்கு மிக நெருக்கமான சூழ்நிலைகளில் ஒன்று.

பிறகு மடி. கால்களின் மேல் குறுக்காகக் குப்புறப் போட்டு முதுகை நீவிவிடலாம். அதற்குப் பிறகு தரை. பாயின் மேல் மடித்த ஜமுக்காளமோ பருத்திப் போர்வையோ சுருக்கம் இல்லாமல் விரித்தால் போதும். இலவம் பஞ்சு மெத்தை, சோபா, தலையணை எதுவும் கூடாது. மூக்கு புதையும், கையை ஊன்றினால் உள்ளே போகும். கட்டில் கூடாது; நேற்று வரை புரளாத பிள்ளை இன்றைக்குப் புரளும். இறுக்கித் துணியில் சுற்றிய குழந்தையை ஒருபோதும் குப்புறப் போடக் கூடாது. கை கட்டுண்டு கிடப்பதால் அதற்கு முகத்தைத் திருப்ப முடியாது. பால் குடித்த கையோடு வேண்டாம், ஏப்பம் வந்து சற்று நேரம் போகட்டும். ரொம்பப் பசியிலும் வேண்டாம்.

தரையில் விட்டதும் கை இரண்டும் உடம்புக்கு அடியில் சிக்கியிருந்தால் எடுத்து முன்னால் கொண்டுவர வேண்டும், முழங்கை தோளுக்கு நேர் கீழே வருகிற மாதிரி. அப்படியும் தவித்தால் சிறிய துண்டு ஒன்றைச் சுருட்டி மார்புக்கு அடியில், அக்குள் மட்டத்தில் கொடுக்கலாம். மார்பு உயர்ந்தால் பாரம் இடுப்புப் பக்கம் போய்விடும். முகவாய் துண்டுக்கு முன்னால் தாராளமாக இருக்க வேண்டும், மூக்கை எதுவும் தொடக் கூடாது. பெரியவர் தானும் எதிரே குப்புறப் படுத்து முகத்தோடு முகம் பார்த்துப் பேச வேண்டும். அக்கா, அண்ணன்மாரை எதிரே உட்கார வைத்தால் இன்னும் நல்லது. மூன்று மாதப் பிள்ளை ஐந்து வயது அக்காவைப் பார்க்கத் தூக்கும் தலையை, அம்மாவைப் பார்க்கத் தூக்காது.

அழுதால்? முனகலும் சிணுங்கலும் உழைப்பின் சத்தம், சில விநாடி பொறுக்கலாம். வீறிட்டு அழுதால் உடனே எடுத்துவிட வேண்டும். மல்லுக்கட்டிப் பழக்கினால் பாயைக் கண்டாலே அழுகிற பிள்ளையாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்து, இன்னும் கொஞ்சம் சாய்வான நிலையில் திரும்ப முயலலாம். தலை துணியில் விழுந்து கண் சொருகினால் நேரம் முடிந்தது என்று பொருள். தூங்கிவிட்டால் அந்த நொடியே மல்லாக்கத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அடுப்பைப் பார்க்கவோ, வாசலில் மணி அடித்தாலோ, போனை எடுக்கவோ எழுந்து போவதாக இருந்தால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

*

தமிழ்க் குடும்பங்களுக்கு இது அயல் சரக்கு என்று நினைக்கத் தேவையில்லை. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சேலையை முழங்கால் வரை வழித்துச் செருகிக்கொண்டு, மணைக்கட்டையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டுவார். முதலில் குழந்தை அந்தக் கால்களின் மேல் மல்லாந்து கிடக்கும். மார்பும் கையும் தேய்த்து முடிந்ததும் ஒரு கையால் தாங்கி லாகவமாகத் திருப்பிக் குப்புறப் போடுவார். இரண்டு கால்களுக்கும் நடுவே ஓடும் பள்ளம் மார்புக்குத் தொட்டில். விரல்கள் பிடரியிலிருந்து இடுப்பு வரை எண்ணெயோடு இறங்கும். குழந்தை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தூக்கப் பார்க்கும். “பார்றா, தலையத் தூக்குறான்” என்பார் பாட்டி. பிறந்த சில வாரத்திலேயே, விழித்த நிலையில், நாள்தோறும், தேர்ந்த கையின் காவலில் நடக்கும் டம்மி டைம் அது. கைவிட வேண்டியது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், மண்டையை அழுத்துவதையும், சாம்பிராணிப் புகையையும்தான். அந்தக் கால்நீட்டலை விட வேண்டியதில்லை.

இன்றைய அடுக்குமாடி வீட்டில் குழந்தை தொட்டியில் குளிக்கிறது. குளித்தபின் தூளிக்குப் போகிறது, தூளியிலிருந்து பவுன்சருக்கு, பவுன்சரிலிருந்து காரில் மாட்டிய இருக்கைக்கு. எல்லாவற்றிலும் பின்மண்டைதான் சாய்கிறது. வயிறு தரையைத் தொடும் நேரம் நாளில் ஒரு நிமிடம்கூட இல்லாமல் போய்விடுகிறது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களோ இந்த நிலைக்கு ஒரு பருவத்தையே ஒதுக்கினார்கள். பத்துப் பருவங்களில் இரண்டாவது செங்கீரை. ஐந்தாம் மாதத்துக் குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி முகம் அசைய ஆடுவது செங்கீரை ஆடுதல். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மேல் பாடிய காலத்திலிருந்து, தெய்வங்களையும் அரசர்களையும் இந்தக் கோலத்தில் நிறுத்தி ஆடச் சொல்லிப் பாடியிருக்கிறார்கள். ஊன்றிய கை, நிமிர்ந்த தலை, தவழத் தயாராக மடங்கிய ஒற்றைக் கால். இன்றைய மருத்துவர் ஐந்து, ஆறு மாதக் குழந்தையிடம் பார்க்க விரும்புவதும் இந்தக் கோலத்தைத்தான்.

குழந்தை இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தொடங்கிவிட்டால் பெற்றோரின் வேலை மாறுகிறது. அப்போதும் தூங்க வைப்பது மல்லாக்கத்தான். தூக்கத்தில் அதுவாகவே புரண்டு குப்புறப் படுத்துக்கொண்டால் இரவெல்லாம் விழித்துத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். படுக்கையில் தலையணை, பொம்மை, தடித்த போர்வை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். துணியில் சுற்றும் பழக்கத்தைப் புரள்வதற்கான முதல் அறிகுறி தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும்.

சில அறிகுறிகளைக் கண்டால் மட்டும் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு மாதம் முடிந்தும் குப்புறப் போட்டால் தலையைத் துளியும் தூக்காதது. நான்கு மாதம் முடிந்தும் தூக்கி வைத்துக்கொண்டால் தலை நிற்காதது. எந்நேரமும் முகம் ஒரே பக்கம் திரும்பியிருந்து, மறுபக்கம் திருப்பினால் அழுவது. உடம்பு கொழகொழவென்று துவள்வது அல்லது விறைப்பது. நேற்று செய்ததை இன்று செய்யாமல் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தடுப்பூசித் தேதிவரை காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பக்கக் கழுத்துத் தசை இறுகியிருப்பதுதான் காரணம் என்றால், முதல் சில மாதங்களுக்குள் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுத்தாலே பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை இல்லாமல் சரியாகிவிடும்.